மூன்று பேருக்கு நாற்பத்திரண்டு கிலோ

முதலில் வதந்தியைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் மாரிசெல்வி வீட்டில் மொத்தம் மூன்று பேர். அந்த மூன்று பேரும் சேர்ந்து வாரத்துக்கு நாற்பத்திரண்டு கிலோ அரிசி தின்கிறார்கள். ஆளுக்குப் பதினாலு கிலோ. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து, தராசு வைத்து நிறுத்து, இப்படித் தின்கிற குடும்பத்தை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பரிசாகப் பெரிய குக்கர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கதை மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்புக்குப் போனபோது குக்கரோடு ஒரு லட்சம் ரூபாயும் சேர்ந்துகொண்டது. பாண்டுப்பில் கேட்டவர்கள், மாரிசெல்வியின் புருஷன் வேல்ராஜ் வயிற்றில் ஏதோ பூச்சி இருப்பதாகவும் டாக்டர்களே கைவிட்டுவிட்டதாகவும் சொல்கிறார்கள்.

நடந்தது வேறு. மாரிசெல்வி கையால் ஒன்பது வருஷமாகச் சாப்பிடுகிறவன் நான், அதனால் நான் சொல்வதை நம்பலாம். வதந்தியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது வருகிற இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மாரிசெல்வி நாங்குநேரிப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் வேல்ராஜுக்குத் தோல் பட்டறையில் வேலை. தோலை ஊறவைக்கிற இடத்தில் பதினைந்து வருஷம் நின்றதில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார். வேலை போனது. அப்போது பக்கத்துப் பட்டறைப் பையன்கள் இரண்டு பேர், "அக்கா, எங்களுக்கும் சேத்து ஆக்குங்க, காசு தாரோம்" என்று கேட்டார்கள். இரண்டு ஐந்தாகி, ஐந்து பதினாலானது. தையல்காரர்கள், பெல்ட் வெட்டுகிறவர்கள், பிளாஸ்டிக் பிரிக்கிறவர்கள். நான் மூன்றாவதாகச் சேர்ந்தவன். மாசம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு இரண்டு வேளைச் சாப்பாடு. பலகை கிடையாது, பெயர் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் அது பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு. உள்ளே போனால் மெஸ்.

காலையில் நாலு மணிக்கு எழுந்திருப்பாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் கிரைண்டர் ஓடும்போது மட்டும்தான். ஓடி முடிந்து கிரைண்டர் நிற்கும் சத்தத்துக்கே அவள் முழங்கால் தானாக நிமிரும். வேல்ராஜ் கட்டிலில் உட்கார்ந்தபடி காய் நறுக்குவார். மகள் மாலதி காலேஜுக்குப் போகிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், கோபம் வந்தால் இந்திக்கு மாறிவிடுவாள்.

அந்த வீட்டில் ஒரு மூலையில் பழைய சேலை ஒன்று கம்பி வளையத்தில் திரையாகத் தொங்கும். திரைக்குப் பின்னால் பதினேழு தட்டும் இரண்டு சிவப்பு சிலிண்டரும். சிவப்பு, வீட்டுச் சமையலுக்கு. மெஸ் நடத்துகிறவர்கள் நீல சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதில் எரிவாயுவும் அதிகம், விலையோ அதைவிட அதிகம். நீலத்துக்கு மாறினால் மாசக் கடைசியில் அவளுக்கு மிஞ்சுகிறது அத்தனையும் அடுப்பிலேயே எரிந்துபோகும். போன வருஷம் இரண்டு சந்து தள்ளி இப்படி ஒரு மெஸ்ஸில் சோதனைக்கு வந்தவர்கள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மெஸ்காரர் இப்போது காட்கோபரில் வாட்ச்மேன். அன்று முதல் யார் கையில் காகிதமும் பேனாவும் பார்த்தாலும் மாரிசெல்வியின் கண் நேராகத் திரைக்குப் போகும்.

அப்படிக் காகிதமும் பேனாவுமாக ஒருநாள் வந்தவர் பத்மஜா. செம்பூரில் ஏதோ ஆராய்ச்சி ஆபீஸ். வயது முப்பது இருக்கும். தோளில் கேமரா, பையில் எலக்ட்ரானிக் தராசு.

"பயப்படாதீங்கக்கா. ஆறு நாட்டுல ஆறு வீடு எடுத்திருக்கோம். ஒரு வாரத்துக்கு என்னென்ன வாங்கறீங்க, என்ன விலை, எத்தனை பேர் சாப்பிடறீங்க. அவ்வளவுதான்."

"இதத் தெரிஞ்சு என்ன மேடம் செய்யப் போறிய?"

"ஒரு வீட்டை இன்னொரு வீட்டோட ஒப்பிட்டுப் பார்ப்போம்."

"எங்க வீட்டயா? யாரோட?"

பத்மஜா மடியில் போட்டோக்களைப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் நிற்கிறது, முன்னால் ஒரு வாரச் சாப்பாட்டுச் சாமான். கென்யாவில் ஐந்து பேர், முன்னால் சோளமாவு மூட்டை. ஜப்பானில் இரண்டு பேர், எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலம். ஜெர்மனியில் நாலு பேர், ரொட்டி, பாட்டில், பாலாடைக்கட்டி, ஓரத்தில் ஒரு நாய்.

வேல்ராஜ் ஜெர்மனியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் இருக்கு. இதுல கொழம்பு எங்க?"

"அப்பா, அவங்க பிரெட்தான் திம்பாங்க. சுப் ரஹோ நா" என்று இந்தியில் அவர் வாயை அடக்கினாள் மாலதி.

"இது என்ன பாக்கெட்டு? நாய்ப் படம் போட்டிருக்கு?"

"நாய்ச் சாப்பாடு. அதுவும் வீட்டு ஆள்தானே? அதோட செலவுக்கும் தாள்ல தனிக் கட்டம் இருக்கு" என்றார் பத்மஜா.

"குடுத்து வச்ச நாயி" என்றார் வேல்ராஜ். சிரித்தார், உடனே இருமல் வந்துவிட்டது.

கலந்துகொள்கிற வீட்டுக்கு ஒரு பாத்திரம் அன்பளிப்பு என்றார் பத்மஜா. அங்கேதான் மாரிசெல்வி விழுந்தாள். அவளுடைய குக்கரில் கைப்பிடி போய் ஆறு மாசம். பருப்பைத் திறந்த பானையில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல குக்கர் இருந்தால் நாலு மணிக்குப் பதில் நாலரைக்கு எழுந்திருக்கலாம்.

"குக்கரு தருவியளா மேடம்? பத்து லிட்டரு?"

"பத்து லிட்டரா? தரலாம். வீட்டுல எத்தனை பேர் சாப்பிடறீங்க?"

மாரிசெல்வியின் கண் திரைக்குப் போய்த் திரும்பியது.

"மூணு பேரு."

பத்மஜா எழுதிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன். சாமானை எடுத்து வைங்க. ஒரு கிராம் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

சனிக்கிழமை சாயந்தரம் வழக்கம்போல நம்பிராஜன் மளிகைக் கடையிலிருந்து தள்ளுவண்டியில் சாமான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அத்தனையையும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள் மாரிசெல்வி. அதிலிருந்து மூன்று பேருக்கு உள்ளதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை ஒளித்துவிடலாம் என்பது திட்டம். மூட்டையைப் பிரித்தாள், அளக்கிற படியைக் கையில் எடுத்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, மூணு பேருக்கு ஒரு வாரத்துக்கு அரிசி எவ்வளவு ஆகும்?"

"நான் என்னத்தக் கண்டேன்? நீ போடுத, நான் திங்கேன்."

பதினேழு பேருக்குக் கேட்டால் தூக்கத்தில் சொல்லுவாள். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கை தானாக அள்ளும். மூன்று பேருக்கு அவள் சமைத்தே பத்து வருஷமாகிறது. மாலதி செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். "நாப்பத்திரண்ட பதினேழால வகுத்து மூணால பெருக்குனா ஏழரைக்குக் கொஞ்சம் கம்மி. ஏழரை கிலோ வைம்மா. பஸ், கதம், அவ்ளோதான்."

"எல்லாரும் ஒரே அளவா திங்காவ? பெல்ட்டுக்கார ரஹ்மத்துல்லா மூணு வாட்டி வாங்குவான். ஒங்கப்பா அரைக் கரண்டி. நீ மத்தியானம் காலேஜ் கேன்டீன்ல வடாபாவு."

"அப்ப நீ எவ்ளோ சாப்புடுவ, அதச் சொல்லு."

"மிச்சம் கெடந்தா திம்பேன்."

"மிச்சம்ங்கிறது எத்தன கிலோம்மா?"

இந்த இடத்தில் வாசலில் செருப்புச் சத்தம். பத்மஜா அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, ரயில் காலியாக இருந்ததாம்.

அவர் பார்த்தது இதுதான். நாற்பத்திரண்டு கிலோ அரிசி. நாலு கிலோ துவரம்பருப்பு. ஒன்பது கிலோ வெங்காயம். நாலு லிட்டர் எண்ணெய். பத்துத் தேங்காய். ஐந்து டஜன் முட்டை. கடை மாதிரி அடுக்கிய காய்கறி. அப்போதுதான் வாங்கி வந்த மூன்றரைக் கிலோ கோழி.

"இவ்வளவுமா அக்கா?"

இல்லை என்றால் மிச்சம் யாருக்கு என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராகத் திரைக்குப் போகும்.

"ஆமா மேடம்."

"மூணு பேருக்கு?"

"அவியளுக்குப் பசி கொஞ்சம் ஜாஸ்தி" என்று வேல்ராஜைக் காட்டினாள்.

வேல்ராஜின் எடை நாற்பத்தெட்டு கிலோ. அவரை மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தால் எது அரிசி என்று கேட்க வேண்டியிருக்கும். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மேடம், சின்ன வயசுலயிருந்தே" என்றார்.

பத்மஜா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். வீட்டுக்காரர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆபீஸ் சட்டம். எல்லாவற்றையும் நிறுத்து, விலை எழுதி, போட்டோ எடுத்தார். மூட்டைக்குப் பின்னால் மூன்று ஒல்லிப் பேர் விறைத்துப்போய் நிற்கும் போட்டோ. குக்கர் மறுநாளே வந்துவிட்டது.

இப்போது என் பங்கு. மாலதி இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் டீக்கடையில் சொன்னேன். எங்கள் சந்தில் எல்லோருக்கும் மெஸ் விஷயம் தெரியும் என்பதால் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கதை ரோட்டைத் தாண்டும்போது மெஸ் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. கிலோ மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரனைச் சேர்த்தது நான்தான். செம்பூர் என்று சொன்னால் கதையில் காரம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பத்மஜா போன் செய்தார். பன்னிரண்டு மணிக்கு வருகிறாராம், பேச வேண்டுமாம். மாரிசெல்வி எங்களுக்கு ஆள் அனுப்பினாள்: ரெண்டு மணிக்கு முன்னால் ஒருத்தரும் வரக்கூடாது.

ரெண்டு மணிக்கு யார் வர முடியும்? பட்டறையில் சாப்பாட்டு நேரம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை. ஒரு மணிக்கு நாங்கள் பதினாலு பேரும் சந்துக் குழாயடியில் வந்து நின்றோம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. சாம்பார் வாசனை அதைவிட நன்றாக வந்தது.

"அக்கா, எங்க ஆபீஸ்ல சிரிக்கறாங்க" என்றார் பத்மஜா. "ஜப்பான்ல ஆளுக்கு வாரம் ஒரு கிலோ அரிசி. உங்க வீட்டுல பதினாலு. இது இன்னைக்கு சரியாகலைன்னா, வெள்ளிக்கிழமை ஒரு ஆள் வந்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உங்க அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பார்."

வெளியே ரஹ்மத்துல்லா என் காதில், "வெள்ளிக்கெழம உக்காந்தா முடிஞ்சுது, சிலிண்டரு போச்சு. அப்புறம் நாம எங்க போயித் திங்கது?" என்றான். கடையநல்லூர்க்காரன், பெல்ட் பட்டறை. அவன் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே மாரிசெல்வி ஹலால் கடையில் கோழி வாங்குகிறவள்.

"சரி, வேற மாதிரி பார்ப்போம்" என்றார் பத்மஜா. "நேத்து ஒரு நாள் மட்டும் என்ன சாப்பிட்டீங்கன்னு ஆளாளுக்குச் சொல்லுங்க."

வேல்ராஜ் சொன்னார். மூன்று இட்லி, கொஞ்சம் ரசம் சோறு, ராத்திரி ஒரு தோசை. அன்று காலேஜுக்குப் போகாமல் நின்றுவிட்ட மாலதியும் சொன்னாள்.

"நீங்க அக்கா?"

"நேத்தா? நேத்து கத்திரிக்கா கொழம்பு, முட்டகோசு பொரியலு, ரசம்."

"அது சமைச்சது. நீங்க சாப்பிட்டது?"

"காலைல டீ குடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... மத்தியானம் எல்லாம் கழுவி வைக்கும்போது சட்டியில ஒட்டிக்கெடந்தத ரசத்த ஊத்தி... அது நேத்தா, முந்தாநாளா? ஏட்டி மாலதி, நேத்து நான் தின்னத நீ பாத்தியா?"

மாலதி பார்க்கவில்லை.

"ஏங்க, நீங்களாவது பாத்தியளா?"

வேல்ராஜும் பார்க்கவில்லை. வெளியே நாங்கள் பதினாலு பேர், தினமும் இரண்டு வேளை அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்தனும் பார்த்ததில்லை. ரஹ்மத்துல்லா தன் செருப்பைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன்.

"அப்போ மிச்ச அரிசி எல்லாம் எங்க போகுதுக்கா?" பத்மஜா மெதுவாகத்தான் கேட்டார்.

மணி ஒன்று இருபது. பட்டறையில் சங்கு ஊதினால் பதினாலு வயிறும் காலியாகத்தான் திரும்பும். அவளுக்கும் அது தெரியும். பத்மஜா வருவதற்கு முன்னாலேயே வடித்து மூடி வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. தட்டெல்லாம் திரைக்குப் பின்னால், சிலிண்டரோடு.

பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு திரைக் கம்பியில் வளையம் உரசும் சத்தம்.

"எங்க போகுதா? இந்தா பாத்துக்கிடுங்க" என்றாள். கதவை முழுக்கத் திறந்தாள். "ஏல, என்னத்துக்கு வெயில்ல காயுதிய? வாங்க, தட்ட எடுங்க. மேடம், பதினேழு பேரு. எழுதிக்கிடுங்க. மெஸ்ஸு நடத்துதேன். செவப்பு சிலிண்டருலதான் நடத்துதேன். அதயும் எழுதணும்னா எழுதிக்கிடுங்க. ஆனா நான் பதினாலு கிலோ தின்னேன்னு மட்டும் எழுதாதீங்க."

நாங்கள் உள்ளே போனோம். பத்மஜா சிலிண்டரைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து தராசை எடுத்து நடுவில் வைத்து, "ஒவ்வொருத்தரா தட்டை இதுல வைங்க, சோறு மட்டும் போட்டு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கூட நான் இப்படி வரிசையில் நின்றதில்லை.

"மேடம், ரெண்டாவது வாட்டி வாங்குனா அதுவும் கணக்குல வருமா?" என்றான் ரஹ்மத்துல்லா.

"வரும்."

"அப்ப இன்னைக்கு ஒரே வாட்டிதான். இல்லன்னா என் பேரும் லேபர் கேம்ப்பு வரைக்கும் போயிரும்."

சொல்லிவிட்டு இரண்டாவது முறையும் வாங்கினான். எல்லோரும் தின்று எழுந்த பிறகு மாரிசெல்வி சட்டியைச் சாய்த்துச் சுரண்டித் தன் தட்டில் போட்டாள். பத்மஜா அதையும் தராசில் வைத்தார். நூற்று நாற்பது கிராம்.

அப்புறம் தாளை விரித்துப் பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆளுக்கு வாரம் இரண்டரைக் கிலோ அரிசி. எல்லாச் சாமானும் சேர்த்து ஆளுக்கு வாரம் நானூற்று அறுபது ரூபாய். ஜெர்மனி வீட்டில் ஆளுக்கு நாலாயிரம் என்று இருந்தது. மாரிசெல்வி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, நின்றபடி, தாளை எட்டிப் பார்த்தாள்.

"இதுல ஆக்குதவளுக்கு எவ்வளவு போட்டிருக்கு மேடம்?"

"சமைக்கிற வேலைக்கு இதுல கட்டம் இல்லக்கா. எந்த நாட்டுக்கும் இல்ல."

"அந்த நாய்க்கு இருந்துச்சே?"

பத்மஜா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். தராசைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. இதுவரையிலும் வரவில்லை. ஆனாலும் சேலைத் திரை அப்படியேதான் தொங்குகிறது. வாசலில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கரண்டி அந்தரத்தில் நிற்கும். குக்கரால் மிச்சமான அரை மணி நேரத்தில் இப்போது சப்பாத்தி போடுகிறாள், தையல்காரர்கள் கேட்டார்கள் என்று. எழுந்திருப்பது அதே நாலு மணிக்குத்தான். மாசம் இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கலாம் என்று ரஹ்மத்துல்லா ஆரம்பித்தான். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள், அடுத்த மாசத்திலிருந்து என்றார்கள். நானும் அடுத்த மாசம் என்றுதான் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லேபர் கேம்ப்பிலிருந்து வேல்ராஜின் பெரியம்மா மகள் சொர்ணம்மாள் வந்திருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கண் வீடு முழுக்க அந்த ஒரு லட்சத்தைத் தேடுகிறது. நான் வாசல்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏ மாரி, வாரத்துக்கு ஆளுக்குப் பதினாலு கிலோ திங்கியளாமே? வெளிநாட்டுக்காரன் வந்து நிறுத்துப் பாத்துப் பரிசு குடுத்தானாம்லா? எங்க பக்கமெல்லாம் இதே பேச்சுதான். உள்ளதச் சொல்லு, எங்க வச்சிருக்க?"

மாரிசெல்வி சட்டியைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நான் திங்கல மதினி, ஆக்குதேன். பதினேழு பேருக்கு. வந்தவ செம்பூர்க்காரி. குடுத்தது குக்கரு. நான் திங்கது நூத்தி நாப்பது கிராமு, தராசுல போட்டுப் பாத்தாச்சு. நம்பிக்க இல்லன்னா நாளைக்குக் காலைல நாலு மணிக்கு வந்து எனக்குப் பதிலா நீ ஆக்கு. அன்னைக்கு ஒரு நாளு நான் உக்காந்து திங்கேன்."